காற்றுக்குக் காத்திருந்த வகையில்

ராமிரோ வுகசோவிச் தந்த மதிப்பீடு
ஒரே ஒரு தாள்.
பழைய பெயிண்ட் சுரண்ட ஒரு தொகை,
துருவுக்கு ஒரு தொகை,
கூரை விளிம்புக்குச் சாரம் கட்ட ஒரு தொகை.
ஏழாவது வரியில் எழுதியிருந்தார்:
காற்றுக்குக் காத்திருந்த வகையில்,
நான்கு நாள் கூலி.

சிரித்துவிட்டேன்.
இருபத்திரண்டு வருஷமாக
இறைச்சிக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன்.
செத்த ஆட்டுக்குத் தீவனச் செலவு காட்டியவனைப்
பிடித்துக் கொடுத்தவள்.
சும்மா உட்கார்ந்திருக்கக் கூலி கேட்பவரை
புந்தா அரேனாஸில் அன்றுதான் பார்த்தேன்.

மொத்தம் பத்தொன்பது லட்சம் பெசோ.
பெயிண்ட் கால் பணம், கூலி முக்கால் பணம்.
"மார்ச்சில் ஆரம்பிக்கலாம், காற்று இறங்கிவிடும்" என்றார்.
இது டிசம்பர்.
கிறிஸ்துமஸுக்கு சாந்தியாகோவிலிருந்து
அக்கா வருகிறாள், புதுக் கணவனோடு.
மார்ச்சில் சிவந்து என்ன செய்ய, என் வீடு?

அதே தாளின் பின்பக்கம் என் கணக்கு.
சிவப்பு பெயிண்ட், பிரைமர், உப்புத்தாள்.
பிரஷ் மூன்று, உருளை இரண்டு.
ஏணி, தம்பி நெஸ்தோரிடம் இரவல்.
கூலி என்று எழுதி
எதிரே பூஜ்யம்.
மிச்சம் பதினான்கு லட்சம் என்று
இரட்டைக் கோடு இழுத்தேன்.
எட்டு நாள் விடுப்பை
எந்தப் பத்தியிலும் போடவில்லை.

முதல் நாள் சுரண்டினேன்.
பச்சைக்கு அடியில்
எனக்கு முன்னால் இருந்தவர்களின் மஞ்சள்,
அதற்கும் அடியில் தகரம்.
இரண்டாம் நாளும் சுரண்டினேன்.
மூன்றாம் நாள்
தேநீர்க் கோப்பையைத் தூக்க மாட்டேன் என்றது வலது கை.
தைலம் நான்காயிரத்து எண்ணூறு.
எழுத மறந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை
மகெல்லன் ஜலசந்தி
தட்டில் ஊற்றிய எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது.
ஏறினேன்.
பத்து மணிக்குள் கிழக்குச் சுவர் முடிந்தது.
தெருவில் நின்று பார்த்தேன்.
யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்த்தேன்.

மேற்கில் பாதி போயிருப்பேன்.
எங்கோ ஒரு நாய் குரைப்பதை நிறுத்தியது.
அடுத்த மூச்சில் ஏணி
என்னை விட்டுவிட்டு நகரப் பார்த்தது.
தகர விளிம்பைப் பிடிக்க
இரண்டு கையும் வேண்டியிருந்தது.
உருளையை விட்டேன்.
வாளியையும்.

ஒரு சொட்டுகூட நேராகக் கீழே விழவில்லை.
தெருவைக் கடந்து போய்
பாரியென்தோஸின் வெள்ளை ரொட்டி வேனில் இறங்கியது.
அம்மை வார்த்த பிள்ளையாய் நின்றது வேன்.

பட்டறையில் பிறகு விலை கேட்டேன்: பதின்மூன்று லட்சம்.
அப்படியானால் இன்னும் ஒரு லட்சம் என் பக்கம்
என்று கூட்டிக் கழித்த மூளையை
என்ன செய்ய.

குஸ்தோதியோ பாரியென்தோஸ் மாவுக் கையோடு வெளியே வந்தார்.
வேனைப் பார்த்தார்.
இன்னும் மேலேயே தொங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.
ஒன்றும் பேசாமல் வந்து
ஏணியின் கடைசிப் படியில் ஏறி நின்றார்,
தொண்ணூறு கிலோவும்.
நான் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்:
"என் பின்பக்க வேலிக்குப் பெயிண்ட் அடித்துக் கொடு.
எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொண்டு வா,
வேன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்."

இரவு எழுத உட்கார்ந்தேன்.
கூலிக்கு எதிரே
பூஜ்யம் போட வரவில்லை.
ராமிரோவின் தாளைத் திருப்பி
அவர் மணிக்கு எவ்வளவு போட்டிருக்கிறார் என்று பார்த்து
அதையே போட்டேன்.
ஏழாவது வரியையும்.

மறுநாள் குஸ்தோதியோ
உதடு அசைய அசைய வாசித்தார்.
பேனா கேட்டார்.
ஒரே ஒரு வரியை அடித்தார்.
"காத்திருக்கிறதை நானே பார்த்துக்கொள்கிறேன்."

அக்கா கிழக்குப் பக்கமாக வந்தாள்.
ஐயோ, எவ்வளவு சிவப்பு என்றாள்.
மூன்று நாளும்
அவளை மேற்கே திரும்ப விடவில்லை.

மிச்சச் சுவரை மார்ச்சில் ராமிரோ அடிப்பார்.
புது மதிப்பீட்டில் எல்லாம் குறைந்திருக்கிறது,
அந்தக் கடைசி வரி மட்டும் அதே நான்கு நாள்.
அரைச் சுவர்தானே என்று கேட்டேன்.
காற்றுக்கு
அரைச் சுவர், முழுச் சுவரெல்லாம்
தெரியாதாம்.