ஆடியில் கிழக்கிலிருந்து வந்த பெட்டி

பூம்பாறைப் படிவயலில்
வெள்ளைப்பூண்டுத் தாளுக்கு நடுவே கிடந்திருக்கிறது:
கையகல தெர்மோகோல் பெட்டி, கிழிந்த ரப்பர்,
முப்பது முழம் நூல்.
ஆபத்தில்லை என்று மூன்று மொழியில் எழுதியிருந்தும்
குழந்தைவேலன் முதலில் கம்பால்தான் தொட்டாராம்.

பஸ்ஸில் மடிமேல் வைத்து
கொடைக்கானலில் என் மேசைவரை கொண்டுவந்தார்.
நூலை மட்டும் தரவில்லை.
பீன்ஸ் கொடிக்கு ஆகும்.

எண்ணைப் பார்த்து, காரைக்கால் என்றேன்.
"அது கிழக்கயில்ல இருக்கு?
பதினெட்டு நாளா மேகாத்து.
எங்கூரை தகரத்தையே வத்தலக்குண்டுப் பக்கமா
தூக்கிப் போட்டிருக்கு.
எதுத்து எப்படி வந்துச்சு இது?"

சொல்லத் தொடங்கியதும் தமிழ் என்னைச் சிக்கவைத்தது.
இந்த மாதத்தில்
மேல்காற்று கீழே அடிக்கிறது,
கீழ்காற்று மேலே.
அவர் தலையைச் சாய்த்தார்.
பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில்
கிழக்கிலிருந்து ஓர் ஆறுபோல ஓடுகிறது,
ஆவணி, புரட்டாசி தாண்டினால் வற்றிவிடும் என்றேன்.
"அதுக்கும் மேல?"

அதற்கும் மேலே வருஷக் கணக்கு இல்லை.
இரண்டு வருஷமும் சொச்சமும்;
ஒருமுறை இருபத்திரண்டு மாதம்,
ஒருமுறை முப்பதைத் தாண்டியது.
உச்சியில் திசை மாறும் முதலில்.
மாறியது மெல்ல இறங்கும்,
மாதத்துக்கு ஒரு கிலோமீட்டர்.
அடியில் இருப்பது
அதுவரை பழைய திசையிலேயே
மும்முரமாக அடித்துக்கொண்டிருக்கும்.

டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.
"வடுகபட்டியில வெல விழுறதும் இப்படித்தான்.
அங்க விழுந்திருக்கும்.
இங்க நாங்க மண்ணு அணைச்சிக்கிட்டு நிப்போம்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு நின்றது.

பெட்டிக்குப் பணம் உண்டா என்று கேட்டார்.
இல்லை.
"அப்ப வெதப்பூண்டு போட்டு வைக்கலாம்" என்று
திரும்ப எடுத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு அன்றைய வரைபடத்தைத் திறந்தேன்.
இருபத்தாறாவது கிலோமீட்டரில் கோடு
சுழியத்தைத் தொட்டிருந்தது.
மேலிருந்து இறங்கும் புதுக்காற்றும்
இன்னும் சேதி தெரியாத பழங்காற்றும்
ஒன்றையொன்று தின்று தீர்த்த இடம்.
அங்கே மூன்று நிமிடம்
பெட்டி எந்தப் பக்கமும் போகவில்லை.
யாரும் தள்ளாமல்
நேராக ஏறியிருக்கிறது.

இதைச் சொல்லியிருக்கலாம்.
குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
வாசலிலேயே மேகாத்து அதைத் திருப்பிப்போட்டது.
பூம்பாறை பஸ் வளைவு தாண்டிவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே,
கட்டவிழ்ந்த நூலின் ஒரு முழம்
கிழக்கு நோக்கிப் பறந்தது.