பூஜ்யம் புள்ளி ஐந்து மூன்று

புதுவீடு பொய் சொல்லும்.
மூச்சை இழுத்து உண்மையை வாங்குவது என் வேலை.

வாசலை அடைத்துச் சிவப்புத் துணி,
நடுவே ஒரு விசிறி.
உள்காற்றை உறிஞ்சினால் போதும்,
எங்கே ஓட்டை என்று
சுவரே ஊதிக் காட்டிக்கொடுக்கும்.

கோக்கோலாவில் அன்று மைனஸ் பத்தொன்பது.
துய்ரே புகைக்குச்சியோடு நடந்தாள்,
மூலை மூலையாகச் சாம்பிராணி காட்டுகிறவள் மாதிரி.
குளியல் தொட்டிக்கு அடியில் புகை நேராக நின்றது.
ஜன்னலோரம், நின்றது.
படுக்கையறை சுவிட்சருகில்
வெடுக்கென்று முகம் திருப்பியது.
"அஹ்தி!"

விளக்கு ஒயருக்காக
யாரிடமும் சொல்லாமல் அவன் போட்ட துளை.
பென்சில் பருமன்.
காதுமடல் சிவக்க அவனே டேப் ஒட்டினான்.

மறுபடி விசிறி.
பூஜ்யம் புள்ளி ஐந்து மூன்று. தேர்ச்சி.
ஒரு கெட்டில், இரண்டு உடம்பு,
அடுப்பில் கம்பு ரொட்டி,
பாதிக் குளிருக்கு இதுவே போதும் என்றேன்.
கொஞ்சம் மிகைதான்.

ஜனவரிக் கணக்கு வந்தது.
படுக்கையறைக் கோட்டில் மட்டும் பள்ளங்கள்:
திங்கள் அதிகாலை மூன்று நாற்பது,
புதன் நான்கு ஐந்து,
வெள்ளி இரண்டரை.
இருபத்தொரு டிகிரி பதினாறாக விழுந்து
இருபது நிமிடத்தில் எழத் தொடங்குகிறது.
டேப் உரிந்திருக்கும் என்று
விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
பூஜ்யம் புள்ளி ஐந்து மூன்று.
மயிரிழை மாறவில்லை.

காப்பியை ஊற்றியபடி
"அது நான்" என்றாள் துய்ரே.

துறைமுகத்தில் பனி உடைக்கும் இழுவைப் படகு
அஹ்தியுடையது.
பழைய வாடகை வீட்டில்
ஜன்னலிடுக்கு வழியாக அதன் இன்ஜின்
கட்டில்வரை வரும்.
கரை தட்டியதும் சத்தம் தணியும்.
அதற்கப்புறம்தான் அவளுக்குத் தூக்கம்.

"இங்கே மூன்றடுக்குக் கண்ணாடி.
கடலே இல்லாத ஊர் மாதிரி இருக்கிறது."
ஃபோன் செய்யலாமே என்றேன்.
"கயிறு பிடிக்கிற நேரத்தில்
கையுறையைக் கழற்றச் சொல்லவா?"

காரணம் என்ற கட்டத்தில்
குடியிருப்போர் பழக்கம் என்று எழுதி
அடித்தேன்.
படகு என்று எழுதினேன்.
இழப்பு: மாதம் பதினான்கு யூனிட்.

பரிந்துரை:
ஜன்னல் கீலுக்கு எண்ணெய்.
குளிரில் கிறீச்சிடுகிறது.
இன்ஜின் அடங்கும் அந்த நொடி
அதில் தவறிவிடக்கூடும்.