எதிர்பாராதது, ஐந்து சதவீதம்

விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில்
எப்போதும் ஒரு வரி எழுதுவேன்:
எதிர்பாராதது, ஐந்து சதவீதம்.
எதற்கு இது என்று பணம் போடுகிறவர் கேட்பார்.
தெரிந்தால் இந்த வரியே வேண்டாமே என்பேன்.

மொரீஷியஸில், காத்ர் போர்னை ஒட்டிய பால்மாவில்
பன்னிரண்டு நாற்காலி போடும் டயாலிசிஸ் நிலையம்.
மூன்று மாதமாகச் செவ்வாய்க்கிழமைதோறும்
தகரக் கொட்டகைக்குள் கூடிச் சண்டை போட்டோம்.
ஸாந்த்ரீன் வரைந்த கூரை காகிதத்தில் பறக்கும்;
நஸீம் கை வைத்தால் அதற்கு நாலு தூண் முளைக்கும்.
லாம் ஹங் இருவர் வரைபடத்துக்கும் குறுக்கே
சிவப்பு மையில் தன் குழாய்களை இழுத்துவிட்டு
தேநீர் குடிக்கப் போய்விடுவார்.
நான் கூட்டி முடிக்குமுன்
மூன்றாம் திருத்தம் வந்து நிற்கும்.
"இதையெல்லாம் கட்டப்போவது யார், மழையா?"
என்பார் மேஸ்திரி வலாய்தோன்.

மே மாதம், சி-4 தூணுக்குத் தோண்டிய இடத்தில்
கருங்கல்லைக் குடைந்துகொண்டிருந்த இயந்திரத்தின் அலகு
தடையில்லாமல் உள்ளே போயிற்று.
பானை வாயளவு ஓட்டை.
உள்ளிருந்து குளிர்ந்த காற்று.

எரிமலைக் குழம்பு ஓடிய வழி, என்றார் நஸீம்.
குழம்பு போய்விட்டது, குழாய் நின்றுவிட்டது.
லாம் ஹங் மட்டும் சிரித்தார்.

வலாய்தோன் ஒரு கல்லை எடுத்துப் போட்டார்.

மூன்று மாதத்தில் முதல்முறையாக
எல்லோரும் ஒரே நேரத்தில் வாய் மூடியிருந்தோம்.

சத்தம் வந்தது, சின்னதாக.
ஒன்றரை நொடி, என்றாள் ஸாந்த்ரீன்.
ஒன்றுகூட இல்லை, என்றார் நஸீம்.
நான் கேட்டதை ரூபாயாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

கம்பி கட்டும் ரோகிபுல், யாரும் சொல்லாமலே,
தன் கைபேசியை அளவுநாடாவின் நுனியில் கட்டி
விளக்கைப் போட்டு இறக்கினான்.
மூன்று மீட்டர் நாற்பது.
அடியில் இருந்தபடியே அது ஒருமுறை மணியடித்தது.
"வீட்டிலிருந்து" என்றான், வெட்கத்தோடு.
மேலே வந்ததும், கீறல் விழுந்த அந்தத் திரைமீது
ஆறு தலைகள் முட்டிக்கொண்டன:
வழவழத்த கறுப்புச் சுவர், ஈரமில்லை,
நடுவில் நாங்கள் போட்ட கல்.

தூணை இரண்டு மீட்டர் வடக்கே தள்ளலாம், என்றார் நஸீம்.
தள்ளலாம் என்றாள் ஸாந்த்ரீன்,
அவள் ஒத்துக்கொண்டதே எனக்குப் பயமாக இருந்தது.

தலைமைத் தாதி மார்லேன்
செருப்பைக் கையில் பிடித்துச் சேற்றில் நடந்துபோய்
தன் மேசை வரப்போகும் இடத்தில் நின்றாள்.
கையை நீட்டினாள்.
"அங்கே தூண் வந்தால்
நாலாம் நாற்காலியின் முகம் எனக்குத் தெரியாது.
ரத்த அழுத்தம் இறங்குவதை
முகம்தான் முதலில் சொல்லும்.
கருவி அப்புறம்."

எங்கள் நாற்பத்தாறு வரைபடங்களில்
அந்தக் கோடு எதிலும் இல்லை.

ஸாந்த்ரீன் ஒரு சிமென்ட் பையைக் கிழித்து
அதை முதலில் போட்டாள்,
ஒரு கண்ணிலிருந்து ஒரு முகத்துக்கு.
நஸீம் முழங்கால் மண்ணில் பட உட்கார்ந்து
தூணை இருந்த இடத்திலேயே விட்டு
குழிக்கு மேல் தரை உத்திரம் ஒன்றைக் கிடத்தினார்.
தன் வடிகாலை லாம் ஹங் தானாகவே நகர்த்தினார்;
சாட்சிக்கு நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம்.
ஆறு நாள் ஆகுமா? ஒன்பது, என்றார் வலாய்தோன்.
நான் தட்டிப் பார்த்தேன்:
ஐந்து சதவீதத்தில் நாற்பத்தோரு ரூபாய் மிச்சம்.

வியாழக்கிழமை மண் ஆய்வுக்காரர் வந்தார்.
நாலு இடத்தில் துளைத்துப் பார்த்து
உத்திரத்தை இன்னும் அரை மீட்டர் நீட்டச் சொன்னார்.

இறுதிக் கணக்கில் விவரம் எழுத ஒரு கட்டம் உண்டு.
குகை என்று எழுதினேன், அடித்தேன்.
முகம் என்று எழுதினேன்;
தணிக்கைக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார், அடித்தேன்.
தரை உத்திரம், ஏழரை மீட்டர்.

அடுத்த செவ்வாய்,
கதவுக் கைப்பிடி உருண்டையா தட்டையா என்று
இரண்டு மணி நேரம்.