காலி எடை

ராணிப்பேட்டை சிப்காட் முனையில்
பத்தொன்பது வருஷம் எடைமேடையில் உட்கார்ந்திருந்தேன்.
பச்சைத்தோல், உப்பு, சுண்ணாம்பு,
ராத்திரியில் தார்ப்பாய் மூடி வரும் ஆற்றுமணல்.
லோடு எடை, காலி எடை.
வித்தியாசம்தான் சரக்கு.
அதற்குமேல் ஒரு லாரியைப் பற்றி
எனக்கு எதுவும் தெரிய வேண்டியிருந்ததில்லை.

இப்போது செவ்வாய், வியாழன், சனி
வேலூரில் ஓர் இரண்டாவது மாடியில்
என்னை ஏற்றி நிறுத்துகிறார்கள்.
அறுபத்தொன்று நானூறு.
என் காலி எடை ஐம்பத்தெட்டரை.
வித்தியாசம் தண்ணீர்.
"இன்னாண்ணா, மூணு கிலோ ஏத்திக்கினு வந்துட்டே"
என்பான் டெக்னீஷியன் தணிகைவேல்,
அபராதச் சீட்டு கிழிக்கிற குரலில்.
அடுத்த கேள்வி:
"காலையில பிரஷர் மாத்திர போட்டியா?"

மாத்திரை நவநீதத்தின் இலாகா.
முறுக்கு டப்பா மூடியில் பரப்பி வைப்பாள்:
வெள்ளை, ரோஜா, பாதியாய் உடைத்த மஞ்சள்.
வீட்டு மெஷின் நூற்றெண்பத்தாறு காட்டினால்
அவளுக்குக் கை உதறும்.
அவள் அண்ணன் அப்படித்தான் போனார்,
ஆற்காடு பஸ் ஸ்டாண்டில், தலைக்குள் நரம்பு வெடித்து,
கையில் மக்கன்பேடா பொட்டலத்தோடு.
பொட்டலம் பிரியவேயில்லை.

டாக்டரம்மா கணக்கு வேறு:
மெஷினில் உட்காரும் நாளில் எனக்குக் காலை மாத்திரை கிடையாது.
தண்ணீர் இறங்க இறங்க பிரஷரும் இறங்கும்.
வீட்டுக்குப் போய், அளந்து பார்த்து, அப்புறம்.
வெள்ளை மெஷினோடு கழுவிக்கொண்டு போய்விடும்,
ரோஜா போகாது, ரத்தத்தைக் கட்டிப்பிடித்தபடி நிற்கும்.
இதைச் சொன்னபோது நவநீதம்
"அப்போ ரோஜாதான் நம்பிக்கையான மாத்திரை" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை
மூடியில் ரோஜா இருந்தது.
அவள் முகத்தைப் பார்த்தேன், விழுங்கினேன்.
தணிகைவேலிடம் "போடல" என்றேன்.

மூன்றாம் மணியில்
முதலில் கொட்டாவி. இன்னொன்று. இன்னொன்று.
பக்கத்து நாற்காலி சம்பங்கி,
பேர்ணாம்பட்டில் பீடி இலை வியாபாரம்,
நேற்றைய மேட்ச் பற்றி ஏதோ கேட்டார்.
உறைகிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.
ஆடுசதையை யாரோ ஈரத்துணி போலப் பிழிந்தார்கள்.
ஃபேன் சுற்றிய இடத்தில்
கரையிலிருந்து கரைக்கு வெளுத்த மணல்.
"எழுபதுக்கு நாப்பது!"
தலையை இறக்கிக் காலைத் தூக்கினார்கள்,
டிப்பர் லாரியைச் சாய்க்கிற மாதிரி.
உறிஞ்சிய தண்ணீருக்குப் பதிலாய்
உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள்.
இறக்க வந்த இடத்தில் லோடு ஏற்றிய கதை.

"பொய் சொன்னியாண்ணா?"
சீட்டுக்கு அடியில் இரும்புத்துண்டை மறைத்து
மேடை ஏறிய டிரைவர்கள்
எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்.
ஒருவனும் என்னைப் போல இவ்வளவு குளிர்ந்து கிடந்ததில்லை.
கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நவநீதம்.
அவள் எதுவும் கேட்கவில்லை.
என் கால் எந்த உயரத்தில் இருந்தது என்பதை
அவள் பார்த்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை
மூடியில் மஞ்சள் மட்டும் இருந்தது, அது வேறு எதற்கோ.
வலக்கையில் பட்டையைச் சுற்றினாள்.
நூற்றெழுபத்திரண்டு.
இரண்டு பேரும் படித்தோம்.
மறுபடி அழுத்தினாள். நூற்றெழுபத்தைந்து.
ரோஜா மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து
உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து
முந்தானை முனையில் முடிந்துகொண்டாள்.
"திரும்பி வந்து" என்றாள். என்னிடமா, அதனிடமா, தெரியவில்லை.

பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோது
என் இடதுகையைப் பிடித்தாள்,
ஊசி ஏறி ஏறிப் புடைத்த கை.
தொட்டால் உள்ளே உறுமும்,
நியூட்ரலில் நிற்கிற லாரி போல.
விசாரம் தாண்டும்வரை
அவள் விரலை எடுக்கவில்லை.
கண்டக்டர் வந்தார்.
சில்லறையை நான்தான் தேடி எடுக்க வேண்டியிருந்தது.