வின்கோ பாடும் இடம்

நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது.
பெட்டியை விற்றவன் நான், படியேறியவனும் நான்.
"படம் நொண்டுகிறது" என்றாள் மிலோய்கா
கதவை முழுதாகத் திறக்கும் முன்பே.
"ரயில் வரைதான் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை."

நொண்டத்தான் செய்தது.
திராவா ஆற்றுப் பாலத்தின் தூண்கள்
ஒன்று தயங்கி, ஒன்று தாவிப் போயின.
படச்சுருளுக்கு நொடிக்கு இருபத்து நான்கு சட்டகம்,
பெட்டிக்குப் போவதோ அறுபது என்றேன்.
இதற்கு இரண்டு, அடுத்ததற்கு மூன்று என்று
பரிமாறிக்கொண்டிருக்கிறது இயந்திரம்.
பந்தி வஞ்சனை. வேறொன்றுமில்லை.

அவள் சிரிக்கவில்லை.
"பழைய நாடாவில் இப்படி இல்லையே?"

இல்லைதான். அதில் வேறு குற்றம்.
நம் மாரிபோரில் தொலைக்காட்சிக்கு இருபத்தைந்து வேண்டும்;
ஒன்றுதானே குறைகிறது, கொஞ்சம் விரட்டி ஓட்டு என்று
எவரோ முடிவு செய்தார்கள்.
முப்பது வருடமாக எல்லோரும் சற்றே அவசரமாக நடந்தார்கள்,
சற்றே அவசரமாக முத்தமிட்டார்கள்,
குரல்கள் ஏறக்குறைய அரைச்சுருதி மேலே போய் நின்றன.

"மேலேயா?"

பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொன்று.
'மூல வேகம்' என்ற வரியை அமுக்கினேன்.
திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பியது.
இப்போது ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஐந்து துடிப்பு,
கூட இல்லை, குறைய இல்லை.
பாலம் வழுக்கிக்கொண்டு வந்தது.

பிறகு அந்த மதுக்கடை.
பின் வரிசையில் துணை நடிகன் ஒருவன்,
மேல்சட்டையில் ஒரு பொத்தான் இல்லை,
எட்டு வரி பாடுகிறான். முகம் பாதிதான் தெரிகிறது.
மிலோய்கா எழுந்து
பிசைந்து வைத்திருந்த வால்நட் ரொட்டியை அடுப்புக்குள் தள்ளினாள்.
அவள் வீட்டில் அதுதான் கடிகாரம்:
வின்கோ பாடும்போது உள்ளே, முடிவு எழுத்துக்கு வெளியே.

தள்ளிய கை அங்கேயே நின்றது.

நாற்பது வருடம் பாடகர் குழுவில் தாழ்குரல் அவளுடையது.
அவன் குரல் இன்னும் கீழே இருந்ததாக
புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து நினைவு சொல்ல,
நாடா மறுக்க,
நாடாவையே நம்பினாளாம்.
"காது போய்விட்டது உனக்கு என்று
என்னையே திட்டிக்கொண்டேன், பாருங்கள்."
அடுப்புக் கதவு திறந்தே கிடந்தது.
நான்தான் போய்ச் சாத்தினேன்.

கிளம்பியிருக்கலாம். கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.
வயரை ஒருமுறை சுருட்டினேன், பிரித்தேன், சுருட்டினேன்.

முடிவு எழுத்து வந்தபோது
ரொட்டியின் மேலோடு கறுத்திருந்தது.
"உங்கள் மூன்று நிமிடம்" என்றாள்,
கத்தியால் சுரண்டிக்கொண்டே,
ஓரத்துண்டை என் பக்கம் தள்ளி.