சுருக்கென்று இருக்கும்

பெட்டைக் குஞ்சுகள் என்று சொல்லித்தான் விற்றார்கள்.
மே மாதம், துலூத் நகரத் தபால் நிலையத்தில்,
துளையிட்ட அட்டைப்பெட்டியைக்
கைக்குழந்தையைப் போல நீட்டினாள் ஒருத்தி.
உள்ளே பன்னிரண்டு கீச்சொலிகள்.

ஜூலையில் ஒன்று தொண்டையைச் செருமியது.
ஆகஸ்டில் ஐந்து கூவின,
முதலில் துருப்பிடித்த கீல் போல,
பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

பக்கத்து வீட்டு ஹால்வர்
இரவெல்லாம் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றுகிறவர்,
பகலில்தான் உறக்கம்.
புகார் சொல்லவில்லை.
காதுக்குப் பஞ்சு வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.
புகாரே தேவலை.

வெட்டிவிடலாம் என்றான் வெண்டெல்.
அவனுக்கு ரத்தம் ஆகாது.
நீதானே தினமும் அடுத்தவர் வாய்க்குள் கை விடுகிறவள் என்றான்.

சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு ஒன்றின்
நுனியை அறுத்து
பிர்ச் மரத்தில் தலைகீழாக அறைந்தோம்.
முந்தின மாலையே தீனியை நிறுத்தியாயிற்று, தண்ணீர் மட்டும்.
அன்றிரவு என்னை விழிக்க வைத்தது கத்தி அல்ல,
அந்தப் பசி.

அக்டோபர் விடியல். ஏரியிலிருந்து மூடுபனி.
அரைத்தூக்கத்தில் இருந்ததைத் தூக்கி வந்தேன்.
தலைகீழானதும் அடங்கிவிட்டது, கூம்பின் துளை வழியே
கேள்வி கேட்பது போலத் தலையை நீட்டியது.
தாடைக்குக் கீழே,
மூச்சுக்குழலைத் தொடாமல், பக்கவாட்டில்.
"கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்," என்றேன்.

பழக்கதோஷம்.
பல் மருத்துவமனையில் பதினேழு வருடமாக
ஈறில் ஊசி இறங்கும் முன் சொல்வது.

அறுபட்டது இறகுதான்.
அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

இரண்டாம் முறை அழுத்தினேன்.
எண்ணினேன், முப்பத்தெட்டு வரை.
அதன் பிறகும் கால்கள் ஓடின,
எங்கோ நேரமாகிவிட்டது போல.

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன்.
"தண்ணீர் அறுபத்தைந்து டிகிரி," என்றான் வெண்டெல்.
யாரும் கேட்கவில்லை. மறுபடி சொன்னான்.

கத்தியைத் தீட்டினேன்.
மற்ற நான்குக்கும்
இறகை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டுத்தான்,
வாய் திறக்காமல்.

வெந்நீரில் முக்கியதும் நனைந்த நாயின் வாசனை.
இறகு கையோடு வந்தது, கைவிட்டும் போகவில்லை.
பித்தப்பையை உடைக்காமல் எடுத்தபோது
கண்ணை மூடிக்கொண்டே கைதட்டினான் வெண்டெல்.

அரைவைப்பையைப் பிளந்தேன்:
கூழாங்கற்கள், ஒரு கண்ணாடிச் சில்லு,
ஜூனில் தொலைந்த என் தோட்டின் திருகு,
பளபளவென்று தேய்ந்து.
பல் இல்லாத வாய்கள்
என் நகையால் மென்றிருக்கின்றன.

இரண்டு நாள் குளிரில் வைத்தபின்
ஒன்றை ஹால்வரிடம் கொடுத்தேன்.
காதுப் பஞ்சை எடுத்துவிட்டு
"என்ன சொன்னாய்?" என்றார்.
நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

திங்கட்கிழமை
நாற்காலியில் சாய்ந்து ஒருவர் வாயைத் திறந்தார்.
ஊசியை எடுத்தேன்.
அந்த வாக்கியம் நாக்கு வரை வந்து நின்றது.
"வலிக்கும்," என்றேன்.
"சீக்கிரம் முடித்துவிடுவேன்."
திறந்த வாயோடு
தலையை ஆட்டினார்.