ஐம்பத்தைந்து

சாம்பல்தீவுப் பாலத்தில்
ஐம்பத்தைந்தைத் தொட்டதும் தொடங்கும் அந்த உதறல்.
பின்னால் ஐஸ் பெட்டிகள் பல்லை நறநறக்கும்.
ஸ்டியரிங்கை நெஞ்சோடு இழுத்துப் பிடித்து
எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுப்பேன்.
கிழட்டு ஹைலக்ஸ்
நாற்பதில்தான் கோபம் ஆறும்.

"டாம்பர் போயிட்டுது" என்றேன்.
கெப்புக்கு அடியில் படுத்தபடி நவ்பல் சொன்னான்:
"மாத்தலாம் அக்கா, ஆனா அது பனடோல்.
காய்ச்சல் எங்கயெண்டு முதல்ல பாப்பம்."
சில்லைப் பிடித்து ஆட்டினான்.
டைரொட் எண்ட் ஒன்று
விழப்போகும் பல்லாய் அசைந்தது.
அதற்கு இரண்டு நாள்.
குச்சவெளி மீன் ஆட்டோவில் போனது,
லாபமும் அதிலேயே போனது.

பிறகுதான் டாம்பர்.
கடைக்காரர் விலையைச் சொல்லிக்கொண்டிருக்க
நான் தண்டை அமுக்கிக்கொண்டிருந்தேன்.
ஜப்பானில் கழற்றியது பாதி வழியில் விக்கியது.
மினுங்கிய புதுசு, தயிருக்குள் கரண்டி.
தூசி படிந்த தாய்லாந்துச் சாமான் மட்டும்
போகவும் வரவும் ஒரே பிடிவாதம்.
அதைக் கட்டச் சொன்னேன்.

நட்டைக் கழற்றியும் பழசு விடவில்லை.
நவ்பல் இழுக்கவில்லை,
ஆணி இருந்த கண்ணுக்குப் பக்கவாட்டில் இரண்டு அடி.
டக்.
கையில் வாங்கிச் சாய்த்தேன், தானாய் நீண்டது.
கறுத்த எண்ணெய் மணிக்கட்டில் ஒழுகியது.
புதுசைப் பூட்டி, இடம் முழுக்க, வலம் முழுக்கத் திருப்பி
எங்கும் முட்டவில்லை என்று குனிந்து பார்த்தோம்.

விடிய நாலரை. பாலம்.
ஐம்பத்தைந்து.
அறுபது.
ஸ்டியரிங்குக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
என் இரண்டு கையும்தான்
இன்னும் விடவில்லை.